சத்து மாத்திரையும் மாத்திரைதான், சகோதரிகளே!



நான் திருச்சுழியில் வசிக்கும் ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால், வீட்டு அலமாரியில் என்னென்ன கிடக்கிறது என்று சொல்ல, ஒரு குடும்பத் தலைவியைவிடத் தகுதியானவர் யார்? அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. ஒரு பக்கம் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை. இன்னொரு பக்கம் கால்சியம், இரும்புச் சத்து, வைட்டமின் டி, முடி கொட்டாமல் இருக்க ஒன்று, கை கால் மரத்துப் போகாமல் இருக்க ஒன்று, "கொரோனா நேரத்துல வாங்கினது" என்று மிச்சம் மீதி ஒன்று. "எதுக்குக்கா இத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். "இதெல்லாம் மருந்து இல்ல தாயி, சத்துதான!" என்று பதில் வரும்.

இந்தச் "சத்துதான" என்ற வார்த்தைதான் ஆபத்து. சத்து என்று சொன்னவுடன் நம் மனதில் அது சாப்பாட்டோடு சேர்ந்துவிடுகிறது. பால், முட்டை, பருப்பு மாதிரி, கொஞ்சம் கூடுதலாகப் போனால் நல்லதுதானே என்று நினைக்கிறோம். தலைவலி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போடப் பயப்படுகிற நாம், சத்து மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்ளப் பயப்படுவதில்லை. பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவும் யோசிப்பதில்லை.

ஊட்டியில் நடந்தது

2023 மார்ச் மாதம் பேப்பரில் வந்த செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊட்டி காந்தலில் ஒரு நகராட்சி நடுநிலைப் பள்ளி. அரசாங்கம் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வரக்கூடாது என்பதற்காகக் கொடுக்கும் இரும்புச் சத்து, போலிக் ஆசிட் மாத்திரை அங்கே இருந்தது. யார் நிறையச் சாப்பிடுவது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் விளையாட்டாகப் போட்டி வைத்துக்கொண்டார்கள். ஆறு பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதில் பதிமூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் கல்லீரல் பழுதாகி, மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வாரத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் பிள்ளைக்கு ரத்தம் ஊறும் அதே மாத்திரைதான்! விஷம் என்று தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தொட்டிருக்குமா? "சத்து மாத்திரை" என்றுதானே அதுகளுக்குத் தெரியும். அந்தக் குழந்தையைப் பெற்ற தாயை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் உடம்புக்கு இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ளத் தெரியும். கூடிப்போனதை வெளியே தள்ளத் தெரியாது. மொத்தமாக உள்ளே போனால் முதலில் வயிற்றையும் குடலையும் புண்ணாக்கும். வாந்தி, வயிற்று வலி, பேதி வரும். சில சமயம் ரத்தமாகவும் போகும். பிறகு வாந்தி நின்று, பிள்ளை தெளிந்த மாதிரி இருக்கும். "அப்பாடா, சரியாப் போச்சு" என்று நாம் நினைக்கிற அந்த நேரத்தில்தான் இரும்பு உள்ளே கல்லீரலைத் தாக்கிக்கொண்டிருக்கும். அதனால் மாத்திரையை அள்ளித் தின்ற பிள்ளை ஓடி ஆடினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் வைத்து உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று இறங்கக் கூடாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் தொந்தரவு தொடங்கும், 60ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாலு மாத்திரை போனாலே தொந்தரவு. பத்து மாத்திரை போனால் உயிர் ஊசலாடும். ஒரு அட்டையில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அதுவும் சிவப்பாக, பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும். மூத்த பிள்ளை தவழ்கிற வயதில், தாய் அடுத்த பிள்ளைக்கு மாசமாக இருக்கும் வீடுகளில்தான் இந்த அபாயம் அதிகம். அமெரிக்காவில் சிறு குழந்தைகள் இப்படி இறந்துபோனது தொடர்ந்ததால், 1997ல் இரும்பு மாத்திரைப் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்றே உத்தரவு போட்டார்கள்.

கலுங்கு உள்ள கண்மாய், கலுங்கு இல்லாத கண்மாய்

இரும்பு மட்டும்தான் இப்படியா, வைட்டமின் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க் கண்மாயை வைத்துச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால்தான் கண்மாயில் தண்ணீர். ஆனாலும் அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு கலுங்கு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் கலுங்கு வழியாக வெளியேறிவிடும், கரை தப்பிக்கும். கலுங்கு இல்லாவிட்டால்? கரை உடைந்து பயிர் பச்சையெல்லாம் போய்விடும்.

வைட்டமின்களிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. பி வகைகளும் சியும் தண்ணீரில் கரைவது. மிச்சமானது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். பி காம்ப்ளக்ஸ் போட்ட அன்று சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அதுதான் கலுங்கு பாய்கிற அடையாளம். ஏ, டி, ஈ, கே இந்த நாலும் எண்ணெயில் கரைவது. இவை அவ்வளவு சீக்கிரம் வெளியே போகாது. கல்லீரலிலும் கொழுப்பிலும் போய்த் தங்கும். குறிப்பாக ஏ, டி இரண்டும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் கரையை உடைத்துவிடும்.

மதினிக்கு வந்த சோதனை

எங்கள் மதினி ஒருவருக்கு வயது நாற்பத்தெட்டு. மூட்டு வலி, இடுப்பு வலி என்று டாக்டரிடம் போனார். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருக்கிறது என்று சொல்லி, 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இது எல்லா ஊரிலும் வழக்கமாகக் கொடுப்பதுதான். வலி கொஞ்சம் குறைந்தது. மதினிக்கு ஒரே சந்தோஷம். "வாரத்துக்கு ஒண்ணு போட்டதுக்கே இப்படிக் கேக்குதே, தினம் ஒண்ணு போட்டா வலி ஓடியே போயிரும்ல" என்று அவராகவே தினம் ஒன்று போட ஆரம்பித்துவிட்டார். மருந்துக் கடையிலும் காலி அட்டையைக் காட்டினால் புது அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் இப்படியே போனது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வாந்தி. மலச்சிக்கல். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் அடங்காத தாகம். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. "சுகர் வந்திருச்சோ?" என்று பார்த்தால் சுகர் இல்லை. "கேஸ் டிரபிள்" என்று அதற்கு ஒரு மாத்திரை. கடைசியில் பேச்சில் ஒரு தடுமாற்றம், அடுப்பில் வைத்ததை மறப்பது, என்ன கிழமை என்று தெரியாமல் முழிப்பது. பயந்துபோய் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே டாக்டர் கேட்டாராம்:

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"

"பிரஷர் மாத்திரை மட்டும்தாங்க டாக்டர்."

"வேற எதுவுமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லைங்க."

கூடப் போயிருந்த மகள் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டி, "ஏம்மா, இது தினம் போடுறியே?" என்றிருக்கிறாள். அதற்கு மதினி சொன்ன பதில்: "அடி போடி, அது சத்து மாத்திரைல்ல!"

டாக்டர் உடனே ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். தாறுமாறாக ஏறியிருந்தது. கிட்னியும் சோர்ந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து நாள் கணக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். கால்சியம் மாத்திரையை நிறுத்தி, பாலையும் கொஞ்ச நாள் குறைக்கச் சொன்னார்கள். டி மாத்திரையை நிறுத்தினாலும் உடம்பில் தேங்கியது வடிய மாதக்கணக்கு ஆகும் என்பதால், பல தடவை ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தார்கள். நல்லவேளையாக மதினி தேறிவிட்டார். கழுத்துச் செயின் மட்டும் இன்னும் அடகில் இருக்கிறது.

இதையும் கணக்காகப் பாருங்கள். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் டி சுமார் 600 யூனிட். அந்த ஒரு மாத்திரையில் 60,000, அதாவது நூறு நாளைக்கு வேண்டியது. அறுபது நாள் தினம் ஒன்று என்றால் 36 லட்சம் யூனிட். பதினாறு வருஷத்துக்கு வேண்டியதை இரண்டே மாதத்தில் உள்ளே தள்ளியாகிவிட்டது! டி கூடினால், நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து கால்சியம் அளவுக்கு மேல் ரத்தத்தில் ஏறும். அதுதான் தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கிட்னிக் கோளாறு என்று வரிசையாக வருகிறது. மாத்திரை மட்டுமல்ல, ஊசியாகத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு இதே கதிக்கு ஆளானவர்களைப் பற்றிக் காஷ்மீர் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் வெயிலால் வரும் வைட்டமின் டி கூடவே கூடாது. போதுமான அளவு வந்ததும் தோல் தானாகவே மிச்சத்தை அழித்துவிடுமாம். அந்தக் கலுங்கைக் கடவுள் வைத்திருக்கிறார். மாத்திரைக்குத்தான் கலுங்கு இல்லை.

ஒரு கரண்டி மாறினால்...

அடுத்தது வைட்டமின் ஏ. மாலைக்கண் வராமல் இருக்க, ஒன்பது மாதத்திலிருந்து ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். எத்தனையோ குழந்தைகளின் கண்ணைக் காப்பாற்றிய மருந்து. இதில் ஒரு மில்லியில் ஒரு லட்சம் யூனிட் இருக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே 1 மில்லி, அதற்கு மேல் 2 மில்லி. அவ்வளவுதான்.

2001 நவம்பரில் அசாம் மாநிலத்தில் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் 2 மில்லி கரண்டிக்குப் பதிலாக, 5 மில்லி பிடிக்கும் கப்பைக் கொடுத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகள் வாந்தி, தலைவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சில குழந்தைகள் இறந்தும் போனார்கள். அந்தச் சாவுகளுக்கு இந்த மருந்துதான் காரணமா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. வாக்குவாதம் எப்படியானாலும், அளவுக் கரண்டி என்பது சின்ன விஷயம் இல்லை என்பது அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. நாம் என்ன செய்கிறோம்? டானிக்கோடு வந்த மூடியைத் தொலைத்துவிட்டு, குழம்புக் கரண்டியில் குத்துமதிப்பாக ஊற்றுகிறோம். "ரெண்டு சொட்டு கூடப் போனா என்ன, சத்துதான!"

மாசமாக இருக்கும் பெண்கள் வைட்டமின் ஏ விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இது அளவுக்கு மேல் போனால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஊனம் வரலாம். ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள். எங்கள் பக்கம் "ரத்தம் ஊறும்" என்று மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ஆட்டு ஈரல் வாங்கிக் கொடுப்பார்கள். ஈரலில் இரும்போடு சேர்த்து வைட்டமின் ஏயும் மிக அதிகம். இங்கிலாந்தில் கர்ப்பிணிகள் ஈரலே சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். ஆசைக்கு எப்போதோ ஒரு துண்டு தின்றுவிட்டால் பயந்து சாக வேண்டாம். ஆனால் அடிக்கடி கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடமோ நர்சம்மாவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முருங்கைக் கீரைக்கு இந்தப் பயமே இல்லை. கீரையிலும் காரட்டிலும் இருப்பது நேரடியான வைட்டமின் ஏ இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவு மட்டும் அதை ஏ ஆக மாற்றிக்கொள்ளும். அதையே மாத்திரையாக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பின்லாந்து நாட்டில் பார்த்தார்கள். புகைபிடிக்கும் 29,000 ஆண்களைச் சேர்த்து, புற்றுநோய் வராமல் தடுக்குமா என்று வருடக்கணக்கில் சோதித்தார்கள். 1994ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிடாதவர்களில் நூறு பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால், சாப்பிட்டவர்களில் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு வந்திருந்தது! வீட்டுக்காரர் பீடி, சிகரெட் பிடிக்கிறவர் என்றால், "சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டேன்" என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். பீடியை விட வைப்பதுதான் வைத்தியம்.

கலுங்கு இருந்தாலும் கவனம் வேண்டும்

பியும் சியும் சிறுநீரில் போய்விடும் என்றேனே, அதற்காக அவற்றையும் அள்ளிப் போட முடியாது. வைட்டமின் பி6 மிக அதிக அளவில் நாள்கணக்காகப் போட்டவர்களுக்குக் கை கால் மரத்து, நடையே தள்ளாடியதை 1983லேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். வேடிக்கையைப் பாருங்கள். நம் வீட்டில் கை கால் மரத்துப் போகிறது என்றுதான் அந்த மாத்திரையையே வாங்குகிறோம்! மரப்பு குறையவில்லை என்று இரண்டாகப் போட்டால், மரப்பு கூடவும் வாய்ப்பு உண்டு.

கொரோனா வந்த 2020க்குப் பிறகு வைட்டமின் சி மாத்திரையை ஆரஞ்சு மிட்டாய் மாதிரி சப்புகிற பழக்கம் பல வீடுகளில் ஒட்டிக்கொண்டது. அளவு மீறினால் வயிற்றுப் போக்கு வரும். சிலருக்குக் கிட்னியில் கல் சேரவும் வழி செய்யும். எங்கள் பக்கம் அடிக்கிற வெயிலுக்கும், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் வழக்கத்துக்கும் கல்லடைப்பு ஏற்கனவே வீட்டுக்கு வீடு பேச்சு. அதோடு இது வேறு எதற்கு?

முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அது உடம்பில் இருக்கும்போது தைராய்டு பரிசோதனை செய்தால் முடிவு தப்பாக வரலாம். மாரடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகூடச் சில சமயம் ஏமாற்றிவிடும் என்று 2017ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்தது. ரத்தம் எடுக்கும் இடத்தில் இந்த மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் எதுவுமே வேண்டாமா?

ஐயோ, அப்படி நினைத்துவிடாதீர்கள்! இதைப் படித்துவிட்டு, மாசமாக இருக்கும் ஒரு பெண் இரும்பு மாத்திரையைக் குப்பையில் போட்டால் அந்தப் பாவம் எனக்குத்தான் வரும். 2019-21ல் மத்திய அரசு எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. பாதிக்கு மேல்! பிரசவத்தில் ரத்தம் போகும்போது உடம்பில் ரத்தம் இல்லாத பெண்தான் முதலில் ஆபத்தில் விழுவாள். ஆகவே கர்ப்பிணிகள் இரும்பு, போலிக் ஆசிட் மாத்திரையைச் சொன்னபடி கட்டாயம் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று ஒளித்து வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் வாராந்திர மாத்திரையையும் பிள்ளைகள் சாப்பிடட்டும்.

குறைந்தால் நோய், கூடினாலும் நோய். சொன்ன அளவு, சொன்ன நாள், சொன்ன காலம் வரைக்கும். அதுதான் மருந்து.

குறை என்று டாக்டர் சொல்லாதவர்களுக்குச் சாப்பாடே போதும். எங்கள் கரிசல் காட்டில் விளையும் குதிரைவாலியும் கம்பும், கொல்லையில் நிற்கும் முருங்கையும், ஒரு கைப்பிடி நிலக்கடலையும், ஒரு நெல்லிக்காயும் போதாதா? அட்டைக்குக் கொடுக்கும் காசில் வாரத்துக்கு நாலு முட்டை வாங்கலாமே!

வீட்டில் செய்ய வேண்டியவை

மதினி விஷயத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் நாங்கள் கடைப்பிடிப்பது இது. உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

1. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும்போதே, "தினமா, வாரம் ஒண்ணா, மாசம் ஒண்ணா, எத்தனை நாளைக்கு?" என்று கேட்டு, அட்டையின் மேல் தமிழில் எழுதி வாங்குங்கள். வாரம் ஒன்று என்றால் கிழமையையும் எழுதி, காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள்.

2. ஒரே சத்து இரண்டு மூன்று அட்டையில் ஒளிந்திருக்கும். கால்சியம் மாத்திரையில் டி இருக்கும், மல்டி வைட்டமினிலும் டி இருக்கும், எலும்புக்கு என்று விற்கும் பவுடரிலும் இருக்கும். எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். "சத்துதான" என்று எதையும் விடாதீர்கள்.

3. பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள். எட்டு வாரம் என்றால் எட்டு வாரம்தான். அடுத்த வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்கும் என்று நினைக்காதீர்கள்.

4. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்றை ஒன்று தடுக்கும். காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள், நாலு மணி நேரம் கழித்தே இந்த இரண்டையும் போட வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போட்டால் பாதி வீண்.

5. கிட்னியில் கல், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த வைட்டமினையும் கேட்காமல் தொடக் கூடாது.

6. மாத்திரை டப்பா மேல் அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மருந்து கொடுக்கும்போது "மிட்டாய் சாப்பிடு" என்று ஏமாற்றிக் கொடுக்காதீர்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளிடம் ஊட்டியில் நடந்ததைச் சொல்லி வையுங்கள்.

7. பிள்ளை தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே 108க்குப் போன் செய்யுங்கள். காலி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போடுவார். சாதாரணச் சந்தேகங்களுக்கு அரசின் 104 இருக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மாத்திரை தயாரிக்கும் கம்பெனிக்காரர்களுக்கும், மருந்துக் கடைக்காரர்களுக்கும் நம் எல்லோர் சார்பிலும் ஒரு வேண்டுகோள். அட்டையில் எறும்பு ஊருகிற மாதிரி இங்கிலீஷில் அச்சடித்தால், எங்களைப் போன்றவர்கள் எப்படிப் படிப்பது? "வாரம் ஒன்று மட்டும்" என்று தமிழில் கொட்டை எழுத்தில் மூன்றே வார்த்தை போட்டால் எத்தனை குடும்பம் பிழைக்கும்!

சகோதரிகளே, இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கே உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். எது யாருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று சொல்லத் தெரியாத அட்டை ஒன்று இருந்தாலும் தனியே எடுத்து வைத்து, டாக்டரிடம் கேட்ட பிறகு தொடுங்கள். உங்கள் ஊரில் இதுபோல நடந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள். நாலு பேருக்குத் தெரியட்டும்.

— ஒரு வாசகி, திருச்சுழி.